ஹவானாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

கியூபா போய் வந்தேன் என்று சொன்னால் நம் ஊரில் எல்லோரும் இரண்டு கேள்விதான் கேட்கிறார்கள். ஃபிடல் காஸ்ட்ரோ வீட்டைப் பார்த்தீர்களா? சுருட்டு வாங்கி வந்தீர்களா? இரண்டுக்கும் இல்லை என்பதுதான் என் பதில். நான் பார்த்தது வேறு. எழுபது வயதுக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமையை எப்படிக் கழிக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்தேன். பிள்ளைகளைப் பிரான்சுக்கும் கனடாவுக்கும் அனுப்பிவிட்டு, சாயங்காலமானால் சீரியலைத் தவிர வேறு துணையில்லாமல் உட்கார்ந்திருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு அது உபயோகப்படும் என்று நினைத்து எழுதுகிறேன்.

2018 பிப்ரவரி. மொன்றியலில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தோம். ஜன்னலுக்கு வெளியே முழங்கால் அளவு பனி. அந்த ஊர்க்காரர்கள் குளிர் தாங்காமல் ஒரு வாரம் கியூபாவுக்கு ஓடுவது வழக்கமாம். விமானத்தில் நாலு மணி நேரம்தான். மகனும் மருமகளும் பேரனும் வராதெரோ கடற்கரைக்குத் திட்டம் போட்டிருந்தார்கள். என் மனைவி கேட்டாள்: "ஏங்க, மணல்ல உக்காந்து வெயில் காயறதுக்கா பாண்டிச்சேரியிலேருந்து இவ்வளவு தூரம் வந்தோம்?" நியாயமான கேள்வி. ஆகவே அவர்கள் வராதெரோவுக்குப் போக, நாங்கள் இருவரும் மூன்று நாள் ஹவானாவில் தங்குவது என்று ஏற்பாடாயிற்று.

தங்கியது ஓட்டலில் இல்லை, ஒரு வீட்டில். அரசாங்க அனுமதியோடு வீட்டின் ஓர் அறையை வாடகைக்கு விடுகிறார்கள். அப்படிப்பட்ட வீட்டின் வாசலில் நங்கூரம் போன்ற ஒரு நீலச் சின்னம் இருக்கும். எங்கள் வீட்டுக்கார அம்மாள் ஓய்வு பெற்ற பூகோள ஆசிரியை. வயது எழுபத்திரண்டு. கணவர் காலமாகிவிட்டார், ஒரே மகள் மத்ரீத்தில். இளம் வயதில் அலியான்ஸ் பிரான்சேஸில் படித்தவராம், ஆகையால் பிரெஞ்சு தெரியும். எனக்கோ ஸ்பானிஷ் ஒரு சொல் தெரியாது. பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிப் படித்த பிரெஞ்சு ஐம்பது வருஷம் கழித்துக் கரிபியன் கடலில் கை கொடுக்கும் என்று யார் நினைத்தது! அவர் என்னை "முசியே" என்பார், நான் அவரை "மதாம்" என்பேன். என் மனைவியும் அவரும் எந்த மொழியும் இல்லாமலேயே சமையலறையில் ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

சனிக்கிழமை இரவு மதாம் சொன்னார்: "நாளைக்கு ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருப்பதில்லை. நீங்களும் வாருங்கள்."

பகல் பன்னிரண்டு மணிக்கு முதலில் ஹாமெல் சந்து. நம் ஊர்க் குறுக்குச் சந்து அகலம்தான் இருக்கும். சல்வதோர் கொன்சாலெஸ் என்ற ஓவியர் 1990-இல் அங்கே சுவரில் படம் வரையத் தொடங்கினார். ஒரு சுவரோடு நிற்கவில்லை. சந்து முழுக்க, மாடி மாடியாக, ஒரு கை அகலம் விடாமல் வண்ணம். பழைய குளியல் தொட்டிகளைப் பாதியாக அறுத்து உட்காரும் பெஞ்சாக்கி வைத்திருக்கிறார். உடைந்த இரும்புச் சாமான்களெல்லாம் சிலையாகியிருக்கின்றன. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் தங்களோடு கொண்டுவந்த தெய்வங்கள்தான் அந்தப் படங்களில் இருப்பவை. கருங்கோழி, கண்கள், பாம்பு, கத்தி. என் மனைவி சுற்றிப் பார்த்துவிட்டு, "அய்யனார் கோயில் மாதிரி இருக்கு" என்றாள். அதற்கு மேல் எந்த வழிகாட்டிப் புத்தகமும் எனக்குத் தேவைப்படவில்லை.

ஞாயிறு மத்தியானம் அந்தச் சந்தில் ரும்பா நடக்கும். ரும்பா என்றவுடன் மினுமினுக்கும் உடையும் போட்டியும் என்று நினைக்க வேண்டாம், அது ஐரோப்பிய நடனக் கூடத்து ரும்பா. இது துறைமுகக் கூலிகளும் குடியிருப்பு முற்றங்களில் வாழ்ந்த ஏழைகளும் வளர்த்தது. மூன்று தோல் முரசுகள், இரண்டு கட்டைகள், ஒருவர் பாட, மற்றவர்கள் திருப்பிப் பாட வேண்டும், அவ்வளவுதான். தோல் வாத்தியம் இல்லாத இடத்தில், அல்லது அதை அடிக்க அனுமதி இல்லாத காலத்தில், கப்பலில் சரக்கு வந்த மரப்பெட்டியைத் தட்டினார்கள். அந்தப் பெட்டிக்கு கஹோன் என்று பெயர். இன்று உலகமெங்கும் கச்சேரி மேடைகளில் மரப்பெட்டி மேல் உட்கார்ந்து தட்டுகிறார்களே, அப்படிப்பட்ட வாத்தியம் கியூபாவிலும் பெருவிலும் சாமான்பெட்டியிலிருந்து பிறந்தது.

அந்த இரண்டு கட்டைகளுக்குக் கிளாவே என்று பெயர். ஒரு சாண் நீளம், நல்ல வைரம் பாய்ந்த மரம். ஒன்றை உள்ளங்கையைக் குழித்து அதன்மேல் வைத்துக்கொண்டு மற்றொன்றால் தட்ட வேண்டும். ஐந்து தட்டு. ஒரு பாதியில் மூன்று, மறு பாதியில் இரண்டு. கியூபாவின் பாட்டெல்லாம் இந்த ஐந்து தட்டின் மேல்தான் நிற்கிறது. நமக்கு ஆதிதாளம் எப்படியோ அவர்களுக்கு அது அப்படி. சில பாட்டில் அதை யாரும் தட்டக்கூட மாட்டார்கள், ஆனால் எல்லோர் மனசிலும் ஓடிக்கொண்டிருக்கும். ஒருவர் பிசகினால் மற்றவர் முகம் சுளிக்கும்.

"இது கோலாட்டக் குச்சி" என்றாள் என் மனைவி. சொல்லிவிட்டுத் தன் தொடையில் போட்டுப் பார்த்தாள். மூன்று, இரண்டு. மூன்று, இரண்டு. கொஞ்ச நேரத்தில் பிடித்துக்கொண்டாள். நான் இன்றுவரை முயன்றுகொண்டிருக்கிறேன்.

ரும்பாவில் மூன்று வகை. குவகுவாங்கோ என்பது சேவல் பெட்டைக்கோழியைச் சுற்றிச்சுற்றி வருவதுபோல ஆணும் பெண்ணும் ஆடுவது. அவன் தொட வருவான், அவள் பாவாடையால் மறைத்து ஏமாற்றுவாள். கொலும்பியா என்பது ஆண் தனியாக ஆடுவது, வேகம் கண்ணைப் பறிக்கும். மூன்றாவது யம்பூ. அது மெதுவானது. வயதானவர்களின் நடையையும் அசைவையும் வைத்தே ஆடுவது. ஓர் இளைஞனும் இளம்பெண்ணும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, நம்மைப் போலவே எழுந்து உட்கார்ந்து ஆடினார்கள். கேலியாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். கேலியே இல்லை. பாட்டியின் நடையை ஒரு பேத்தி மரியாதையோடு நடந்து காட்டுவதுபோல் இருந்தது. நம்மிடம் குறவஞ்சி இருக்கிறது, கும்மி இருக்கிறது. முதுமையின் நடையையே அழகாக எடுத்துக்கொண்ட ஆட்டம் ஒன்று இருப்பதை அங்கேதான் பார்த்தேன்.

இன்னொன்று கவனித்தேன். மூன்று முரசில் உச்சக்குரலில் பேசும் சின்ன முரசு ஆடுகிறவரின் காலைப் பார்த்து அடிக்கிறது. அவர் தோளைக் குலுக்கினால் முரசும் குலுங்கும். ஆடுகிறவர் நின்றால் அதுவும் நிற்கும். 2016-இல் யுனெஸ்கோ ரும்பாவை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. சந்தில் இருந்தவர்கள் அதற்காக ஆடியதாகத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை, ஆகவே ஆடினார்கள்.

வீட்டுக்கு வந்து சோறும் கறுப்பு அவரையும் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் படுத்தோம். நாலரை மணிக்கு மதாம் கதவைத் தட்டினார். எனக்கு அடையாளமே தெரியவில்லை. வெள்ளைக் கவுன், காதில் முத்து, உதட்டில் சாயம், கையில் விசிறி. "இப்போது என் இடத்துக்குப் போகிறோம்" என்றார்.

அவருடைய இடம் ஒரு பழைய சங்கத்துக் கட்டடம். கூரையில் காரை பெயர்ந்திருந்தது, தரையில் பதித்த கல் மட்டும் அந்தக் காலத்து வழவழப்பு. சுவரோரம் நாற்காலிகள். வந்திருந்தவர்கள் அறுபது பேர் இருக்கலாம். ஐம்பது வயதுக்குக் குறைந்தவர் வாத்தியக்காரர்களில் இருவர் மட்டும். ஆண்கள் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, சிலர் தொப்பி. பெண்கள் எல்லோர் கையிலும் விசிறி. வாரா வாரம் இங்கே தன்சோன் ஆடுகிறார்களாம்.

தன்சோன் கியூபாவின் பழைய நடனம். முதல் தன்சோனை மிகேல் ஃபாயில்தே என்ற வாத்தியக்காரர் 1879 ஜனவரி முதல் தேதி மதன்சாஸ் நகரில் வாசித்தார் என்பது வரலாறு. அதன் வம்சாவளி எனக்கு மிகவும் பிடித்தது. இங்கிலாந்தின் நாட்டுப்புற நடனம் பிரான்சுக்குப் போய் 'கொந்த்ருதான்ஸ்' ஆயிற்று. பிரெஞ்சுக்காரர்கள் அதைத் தங்கள் கரும்புத் தீவான சேன் தொமேங்குக்கு, அதாவது இன்றைய ஹெய்த்திக்குக் கொண்டுபோனார்கள். 1791-இல் அங்கே அடிமைகள் கிளர்ந்தெழுந்தபோது தோட்ட முதலாளிகள் பக்கத்திலிருந்த கிழக்குக் கியூபாவுக்கு ஓடி வந்தார்கள். தங்கள் அடிமைகளையும் சேர்த்து இழுத்து வந்தார்கள். ஸ்பெயினிலிருந்து ஏற்கெனவே வந்திருந்த நடனத்தோடு இவர்கள் கொண்டுவந்த தாளமும் சேர, ஆப்பிரிக்கக் கை அதன்மேல் விழ, மூன்று தலைமுறையில் தன்சோன் பிறந்தது. வயலின், மரப் புல்லாங்குழல், பியானோ, முரசு, சுரைக்காய்க் குடுவையில் கோடு கீறி உரசும் வாத்தியம் எல்லாம் சேர்ந்த அந்தக் குழுவுக்கு இன்றும் 'சரங்கா ஃப்ரான்செசா' என்றே பெயர். பிரெஞ்சு மேளம் என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே வாசித்த எட்டுப் பேரில் ஒருவருக்கும் பிரெஞ்சு தெரியாது.

நமக்கு இது புதிதல்ல. வெள்ளைக்காரன் கொண்டுவந்த வயலினைத் தரையில் உட்கார்ந்து, மார்புக்கும் காலுக்கும் இடையே நிறுத்திக் கமகம் வாசிக்கச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாம். க்ளாரினெட்டை ஏ.கே.சி. நடராஜன் கையில் கேட்டவர்கள் அதை அன்னிய வாத்தியம் என்பார்களா? கப்பல் எங்கிருந்து வந்தாலும், அதில் வந்த பொருள் யார் கையில் இறங்குகிறது என்பதுதான் விஷயம்.

தன்சோனில் ஒரு விசேஷம் உண்டு. ஆரம்பத்தில் சில விநாடி ஒரு முகப்பு இசை வரும். அப்போது யாரும் ஆடக் கூடாது. ஜோடிகள் கைகோத்து நிற்பார்கள், விசிறுவார்கள், பக்கத்தில் இருப்பவரை நலம் விசாரிப்பார்கள். பிறகு நடனம். மறுபடி அதே முகப்பு இசை. மறுபடி எல்லோரும் நின்று விசிறுவார்கள். ஒரே பாட்டில் இது பலமுறை வரும். வெப்ப நாட்டுக்காரன் கண்டுபிடித்த நடனம் அல்லவா! மூச்சு வாங்குவதற்கு ஆட்டத்துக்குள்ளேயே இடம் வைத்திருக்கிறான். முட்டி வலிக்காரர்களுக்கு இதைவிட வசதியான நடனம் கிடையாது.

நான் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். மதாம் ஒரு வழுக்கைத் தலைப் பெரியவரோடு ஆடினார். நேற்றுவரை மாடிப்படி ஏற நான்கு முறை நின்றவர், இப்போது நிமிர்ந்த முதுகோடு சின்னச் சின்ன அடியாக வைத்து வழுக்கிக்கொண்டு போனார். தன்சோனில் துள்ளல் இல்லை. ஒரு சதுர ஓட்டுக்குள் ஆட வேண்டும் என்று சொல்வார்களாம்.

மூன்றாவது பாட்டுக்கு முன்னால் அந்தப் பெரியவர் நேராக எங்களிடம் வந்தார். தொப்பியை எடுத்தார். முதலில் எனக்குத் தலை குனிந்தார், பிறகு என் மனைவியின் பக்கம் கையை நீட்டினார்.

அவளுக்கு அப்போது வயது அறுபத்தாறு. காரைக்கால் பக்கத்துப் பெண். சின்ன வயதில் பரதம் படித்தவள். பதிமூன்று வயதில் அவள் அப்பா நிறுத்திவிட்டார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதே இது எனக்குத் தெரியும். "கொஞ்ச நாள் ஆடினா, பிறகு விட்டுட்டா" என்று பெருமையும் சமாதானமும் கலந்து என் மாமனார் சொன்னார். நாற்பத்து மூன்று வருஷத்தில் அவள் ஆடி நான் பார்த்ததில்லை. நவராத்திரிக் கும்மியில் கூடத் தட்டு ஏந்திக்கொண்டு ஓரமாக நிற்பாள்.

என்னைப் பார்த்தாள். "முட்டி" என்றாள்.

"நடுவுல நிக்கலாமாம். போ" என்றேன்.

புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். முகப்பு இசையில் அவரும் அவளும் கைகோத்து நின்றார்கள். அருகிலிருந்த ஓர் அம்மாள் தன் விசிறியை அவளிடம் கொடுத்தாள். நடனம் தொடங்கியதும் முதல் சில அடி தடுமாற்றம். பெரியவர் அவசரப்படுத்தவில்லை. பிறகு அவள் காலைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். எனக்கு நடனம் தெரியாது, ஆகவே நன்றாக ஆடினாள் என்று சான்றிதழ் தர முடியாது. ஆனால் அவள் முதுகு நேராயிற்று, கழுத்து உயர்ந்தது. நான் பார்க்காத அந்தப் பதிமூன்று வயதுப் பெண் அங்கே இருந்தாள் என்று மட்டும் சொல்வேன். ஒரு பாட்டு, ஆறேழு நிமிஷம். முடிந்ததும் அவர் அவளை நாற்காலிவரை கொண்டுவந்து விட்டு, மறுபடி எனக்குத் தலை குனிந்துவிட்டுப் போனார். யாரும் கைதட்டவில்லை. அங்கே ஆடுவது கைதட்டும் விஷயம் இல்லை.

"தாளம் விட்டுடுமோன்னு பயமா இருந்தது" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அங்கிருந்து மலெகோன் என்ற கடற்கரைச் சாலை. நம் பீச் ரோடு ஒன்றரை கிலோமீட்டர், அது எட்டுக் கிலோமீட்டர். 1901-இல் கட்டத் தொடங்கினார்கள். இடுப்பளவு சுவரின் மேல் ஊரே உட்கார்ந்திருக்கிறது. ஒருவன் கித்தார் வாசிக்கிறான், ஒருவன் மீன் பிடிக்கிறான், காதலர்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ராத்திரி சரியாக ஒன்பது மணிக்கு விரிகுடாவுக்கு அப்பால் உள்ள கபான்யா கோட்டையில் பீரங்கி வெடித்தது. ஸ்பானியர் காலத்தில் நகரக் கதவைச் சாத்த அடையாளமாகச் சுட்டார்களாம். கதவும் போயிற்று, மதிலும் போயிற்று, பீரங்கி மட்டும் தினம் வேலைக்கு வருகிறது. மதாம் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சரி செய்துகொண்டார். அரசாங்க உத்தியோகம் பார்த்த எனக்கு அதைக் கேட்டுத் திருப்தியாக இருந்தது.

சுவரில் உட்கார்ந்தபடி நான் பூனா விஸ்தா சோஷியல் கிளப்பைப் பற்றிக் கேட்டேன். அந்த இசைத்தட்டு மகன் வீட்டில் இருக்கிறது. 1996 மார்ச்சில் ஹவானாவின் ஒரு பழைய ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவு செய்தார்கள். மாலி நாட்டு இசைக்கலைஞர்களையும் கியூபாக்காரர்களையும் சேர்த்து ஒரு தட்டு போடுவதாகத்தான் முதல் திட்டம். மாலிக்காரர்களால் வந்து சேர முடியவில்லை. கூடம் எடுத்தாயிற்று, அமெரிக்க கித்தார்க்காரர் ரை கூடர் வந்தாயிற்று. ஆகவே ஊரில் மறந்துபோன கிழவர்களைத் தேடிக் கூட்டி வந்தார்கள். கொம்பாய் செகுந்தோவுக்கு வயது 88. பியானோக்காரர் ரூபென் கொன்சாலெஸுக்கு 76, வீட்டில் வாசிக்க உருப்படியான பியானோ இல்லை. பாடகர் இப்ராஹிம் ஃபெரெருக்கு 69, பாட்டை விட்டுவிட்டுச் செருப்புக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். 1997-இல் தட்டு வெளிவந்தது, கிராமி பரிசு கிடைத்தது, உலகம் சுற்றினார்கள்.

மதாம் கேட்டுவிட்டுத் தோளைக் குலுக்கினார். "உலகத்துக்குத்தான் அது அதிசயம், முசியே. எங்கள் தெருவில் அப்படி இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களைத் தேடி யாரும் வரவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வாசித்தார்கள்."

கடைசியாகப் போன இடம் ஃபாப்ரிகா தே ஆர்தே குபானோ. கியூபக் கலைத் தொழிற்சாலை என்று அர்த்தம். மதாம் போனதே இல்லையாம். நுழைவுச்சீட்டு இரண்டு மாற்றுப் பெசோ. அப்போது கியூபாவில் இரண்டு நாணயம் புழக்கத்தில் இருந்தது. வெளிநாட்டார் கையிலிருந்த மாற்றுப் பெசோ ஒன்றுக்கு, சம்பளமும் பென்ஷனும் கொடுக்கும் சாதாரணப் பெசோ இருபத்தைந்து. 2021 ஜனவரியில்தான் இதை ஒழித்தார்கள். இரண்டு என்பது எங்களுக்குப் பெரிதில்லை. ஐம்பது பெசோ அவருக்குப் பெரிது. எங்கள் விருந்தாளியாக வர வேண்டும் என்று சொல்லி, அல்மெந்த்ரோன் என்கிற ஐம்பதுகளின் அமெரிக்கக் கார் ஒன்றில் ஏறிப் போனோம். பாதாம் கொட்டை போல உருண்டிருப்பதால் அந்தப் பெயர்.

அது உண்மையிலேயே பழைய சமையல் எண்ணெய் ஆலை. உயரமான புகைபோக்கி இன்னும் நிற்கிறது. எக்ஸ் அல்ஃபோன்சோ என்ற இசைக்கலைஞர் முன்னின்று, கலாசார அமைச்சகத்தின் ஆதரவோடு 2014-இல் திறந்தார்கள். வாசலில் ஓர் அட்டை தருகிறார்கள். உள்ளே குடிப்பதையெல்லாம் அதில் முத்திரை குத்தி, வெளியே போகும்போது கணக்குத் தீர்க்க வேண்டும். செலவுச் சீட்டு முறையில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நானும் என் மனைவியும் ஆளுக்கு ஓர் எலுமிச்சை ஜூஸ், மதாம் ஒரு ரம்.

உள்ளே ஒரு கூடத்தில் ஓவியம், அடுத்ததில் புகைப்படம், படி ஏறினால் சினிமா, இறங்கினால் நடனம், கோடியில் கச்சேரி. எல்லாம் ஒரே இரவில், ஒரே சீட்டில். நடனம் ஆடிய இளைஞர்கள் கலைப் பள்ளியில் படித்தவர்களாம். அந்தப் பள்ளிக்கும் ஒரு கதை உண்டு. 1961-இல் பணக்காரர்களின் கோல்ஃப் மைதானம் ஒன்றை எடுத்துக் கலைப் பள்ளிகள் கட்டத் தீர்மானித்தார்கள். இரும்பும் சிமெண்டும் கிடைக்காத காலம். ஆகவே செங்கல்லை மட்டும் வைத்து வளைவு வளைவாகக் கூரை எழுப்பினார்கள். அந்த நாட்டில் வாத்தியக்காரரும் நடனக்காரரும் பெரும்பாலும் அரசாங்கச் சம்பளக்காரர்கள். தேர்வு வைத்துத் தரம் பிரித்துச் சம்பளம். சம்பளம் போதாது என்பதும், தேர்ந்தவர்கள் பலர் விமானம் ஏறிவிடுகிறார்கள் என்பதும் இதன் மறுபக்கம். 1962-இல் வந்த ரேஷன் புத்தகம் இன்றும் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. காலையில் அரிசிக்கு வரிசையில் நின்றவரே மாலையில் விசிறியோடு வருகிறார்.

கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் எங்கள் பேரன் வயது. இந்தக் கிழங்களுக்கு இங்கே என்ன வேலை என்று யாரும் பார்க்கவில்லை. கச்சேரிக் கூடத்தில் ஒரு பையன் எழுந்து நாற்காலி போட்டான். போட்டுவிட்டு அங்கேயே எங்கள் முன்னால் ஆடத் தொடங்கிவிட்டான்!

புகைப்படக் கூடத்தில் மதாம் ஒரு படத்தின் முன் நின்றுவிட்டார். இரவில் ஒரு பூங்கா. இருட்டில் பத்துப் பதினைந்து முகங்கள், ஒவ்வொரு முகத்திலும் கைபேசியின் வெளிச்சம் மட்டும். அப்போது அங்கே பெரும்பாலோர் வீட்டில் இணையம் கிடையாது. பூங்காக்களில் வைஃபை வைத்திருந்தார்கள். சீட்டு வாங்கிச் சுரண்டி, அதிலுள்ள எண்ணைப் போட்டு, வெளிநாட்டுப் பிள்ளைகளோடு பேச வேண்டும். எல்லோர் எதிரிலும்தான் அழ வேண்டும், சிரிக்க வேண்டும்.

"புதன்கிழமை எட்டு மணிக்கு நானும் இப்படித்தான் இருப்பேன்" என்றார். "மகள் கேட்பாள், தனியாக இருக்கிறாயா அம்மா என்று. ஞாயிற்றுக்கிழமை வரை மூன்று நாள்தான் இருக்கிறது என்பேன்."

நான் பிரெஞ்சிலிருந்து தமிழாக்கினேன். என் மனைவி ஒன்றும் சொல்லாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு நாள் உண்டு, சனிக்கிழமை இரவு ஏழரை.

வீடு திரும்பும்போது மணி ஒன்று. என் மனைவி காலில் தைலம் தேய்த்துக்கொண்டே, நட்டுவனார் பெயர், கட்டை பிடித்த அவர் கை, மதகடிப்பட்டுத் திருவிழாவுக்கென்று தயாராகி நின்றுபோன ஒரு பதம், எல்லாம் சொன்னாள். நாற்பத்து மூன்று வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டேன். மூன்று மணிவரை கேட்டேன்.

நாம் எல்லோரும் தன்சோன் ஆட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. நம் வழக்கம் வேறு, நம் கூச்சம் வேறு. ஆனால் நம்மிடம் சபாக்கள் உண்டு, பஜனை மடம் உண்டு, கோயில் மண்டபம் உண்டு. அங்கெல்லாம் அறுபது வயதுக்கு மேல் நமக்குக் கொடுப்பது முன் வரிசை நாற்காலி. உட்கார்ந்து கேட்கலாம், தலையாட்டலாம். பாடத் தெரிந்தவர், ஒரு காலத்தில் மிருதங்கம் தட்டியவர், ஆடி நிறுத்தியவர் எத்தனை பேர் அந்த வரிசையில் இருக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஹவானாவில் அந்தப் பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கேட்டார், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஊருக்குத் திரும்பியதும் என் மனைவி தச்சரிடம் சொல்லி இரண்டு கட்டை செய்து வாங்கினாள். ஞாயிறு சாயங்காலம் எங்கள் தெருவில் நான்கு வீட்டுப் பெண்கள் வருகிறார்கள், மூத்தவருக்கு எண்பத்தொன்று. பழைய கோலாட்டப் பாட்டுகளை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவருகிறார்கள். உட்கார்ந்தபடியேதான். முட்டி இடம் கொடுக்கும் நாளில் எழுந்து ஒரு சுற்று. எனக்குக் காபி போடும் வேலை.

2024 அக்டோபரில் கியூபா முழுவதும் மின்சாரம் போய், நாடே சில நாள் இருட்டில் கிடந்தது. மதாமுக்கு மின்னஞ்சல் எழுதினேன். பதினெட்டு நாள் கழித்துப் பதில் வந்தது. சாப்பாட்டுக்குச் சிரமம், மருந்துக்குச் சிரமம், வழுக்கைத் தலைப் பெரியவர் காலமாகிவிட்டார். கடைசி வரியில் எழுதியிருந்தார்: மின்விசிறி இல்லை, பியானோ பழுது, ஆனால் வயலினும் குழலும் கிளாவேயும் இருக்கின்றன, வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிட ஞாயிற்றுக்கிழமை இப்போதெல்லாம் மூன்று மணிக்கே தொடங்கிவிடுகிறோம்.